பெங்களூரில் தடிமனான, சூடான ஃபிங்கர் சிப்ஸ் எங்கே கிடைக்கும்?

காக்ஸ்டவுன்வாசி:
மெல்பர்னில் வசிக்கும் என் தங்கை விடுமுறைக்காகக் குடும்பத்துடன் எங்கள் வீட்டுக்கு வந்திருக்கிறாள். அவளுடைய ஒன்பது வயது மகன், வந்த மறுநாள் முதல் ‘ஹாட் சிப்ஸ்’ வேண்டும் என்று கேட்டுக்கொண்டே இருக்கிறான். நானும் உற்சாகமாக, தெருமுனையில் ‘ஹாட் சிப்ஸ்’ என்று பெயர்ப்பலகை மாட்டிய கடைக்கு அவனை அழைத்துச் சென்று, சூடாகக் கால் கிலோ நேந்திரங்காய் சிப்ஸ் வாங்கிக் கொடுத்தேன். அவன் என்னைப் பார்த்த பார்வையை எளிதில் மறக்க முடியாது. பாக்கெட்டில் வரும் சிப்ஸிலிருந்து வேறுபடுத்தவே ஆஸ்திரேலியாவில் அப்படிச் சொல்கிறார்களாம். நாம் சொல்லும் ஃபிங்கர் சிப்ஸ்தான் அது. ஆனால் உண்மையிலேயே விரல் கனம் இருக்க வேண்டும், மேலே மொறுமொறுப்பும் உள்ளே மாவுத்தன்மையும் வேண்டும்.

சர்ச் தெரு, இந்திரா நகர், ஃப்ரேசர் டவுன் என்று இதுவரை ஐந்து கஃபேக்களுக்குச் சென்றுவிட்டோம். நான்கில், உறையவைத்த பாக்கெட்டைப் பிரித்துப் பொரித்த மெல்லிய குச்சிகளைப் பெரி பெரி பொடியில் புரட்டிக் கொடுத்தார்கள். ஐந்தாவது கஃபேயில் அப்போதே வெட்டிய கிழங்கு என்று பெருமையாகச் சொன்னார்கள்; அதுவோ வெளியே கறுத்து, இலேசாக இனித்து, நடுவில் வேகாமலும் இருந்தது. புதிதாக வெட்டிய கிழங்குதானே நன்றாக இருக்க வேண்டும்? நல்ல இடம் தெரிந்தவர்கள் வழிகாட்டினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

அல்சூர் ஏரிக்கரை:
கடையின் பெயரைவிட, போகும் நேரத்தைப் பாருங்கள் என்பேன். மாலை ஐந்து மணிக்கு மேல் கூட்டம் சேரும்போதுதான் சட்டி ஓயாமல் சூடாக இருக்கும். பிற்பகல் மூன்று மணிக்கு நீங்கள் ஒருவர் மட்டும் கேட்டால், ஆறிய எண்ணெயில் அவசரமாகப் பொரித்துத் தருவார்கள். மெனுவில் மீனும் சிப்ஸும் சேர்த்து விற்கும் கண்டோன்மென்ட் பக்கத்துப் பழைய உணவகங்களில் தடிமனான துண்டுகள் கிடைக்க வாய்ப்பு அதிகம். பார்சல் மட்டும் வாங்காதீர்கள். மூடிய டப்பாவுக்குள் ஆவி அடைபட்டு, வீடு வந்து சேர்வதற்குள் சிப்ஸ் பொரியல் பதத்துக்கு வந்துவிடும்.

எட்டாவது கிராஸ்:
என் தாய்மாமன் மல்லேஸ்வரத்தில் பல ஆண்டுகள் சிப்ஸ் கடை நடத்தியவர். பள்ளி விடுமுறைகளில் அவருடன் யஷ்வந்த்பூர் சந்தைக்குப் போய் மூட்டை தூக்கிய அனுபவத்தில் சொல்கிறேன்: அந்த ஐந்தாவது கஃபேயில் தவறியது சமையற்காரர் மட்டுமல்லர், கிழங்கும்தான்.

வடக்கே, குறிப்பாக ஆக்ரா பக்கத்தில், பிப்ரவரி, மார்ச் மாதங்களில் தோண்டிய உருளைக்கிழங்கைக் குளிர்பதனக் கிடங்கில் 2 முதல் 4 டிகிரி வரையிலான குளிரில் வைத்து, ஆண்டின் பிற்பகுதி வரை சிறிது சிறிதாக வெளியே விடுகிறார்கள். அந்தக் குளிரில் கிழங்கு முளைக்காது. ஆனால் அதிலுள்ள மாவுச்சத்தில் ஒரு பகுதி சர்க்கரையாக மாறிவிடும். அப்படிப்பட்ட கிழங்கை எண்ணெயில் போட்டால் உள்ளே வேகுமுன் வெளியே கறுக்கும். அன்று காலையில்தான் வெட்டினார்கள் என்பதால் அது புதிய கிழங்கு ஆகிவிடாது. கர்நாடகத்திலேயே ஹாசன் மாவட்டத்தில் விளையும் கிழங்கு ஆகஸ்ட், செப்டம்பரில் புதிதாக வரும். குழம்புக்கு அருமையாக இருக்கும், ஆனால் மழைக்கால விளைச்சல் என்பதால் நீர் மிகுந்து, பொரித்தால் சீக்கிரமே துவண்டுவிடும்.

இதற்காகவே சிம்லாவிலுள்ள மத்திய உருளைக்கிழங்கு ஆராய்ச்சி நிறுவனம் 1998-இல் குஃப்ரி சிப்சோனா என்னும் இரகங்களை வெளியிட்டது. அவற்றில் மாவு அதிகம், சர்க்கரை குறைவு. 10 முதல் 12 டிகிரியில் சேமித்தால் இனிப்பும் ஏறாது. என் மாமா இரகத்தின் பெயரை நம்பமாட்டார். சந்தைக்கு எதிரிலிருந்த டீக்கடைச் சட்டியில் இரண்டு சீவல் போட்டு, நிறம் பார்த்த பிறகுதான் விலை பேசுவார். டீக்கடைக்காரர் முகம் சுளிப்பார் என்பது வேறு விஷயம்.

ஆகவே, நண்பரே, நீங்கள் முதலில் போன ஹாட் சிப்ஸ் கடைக்கே மீண்டும் போங்கள். தினமும் கிழங்கு சீவிப் பொரிப்பவர் கறுக்கும் கிழங்கை வைத்துக்கொண்டு வியாபாரம் செய்ய முடியாது. இரண்டு கிலோ கிழங்கு விலைக்குக் கேளுங்கள்.

சமையற்கட்டு:
கிழங்கு கிடைத்தால் செய்முறை கடினமன்று. ஒன்றேகால் சென்டிமீட்டர் கனத்தில் வெட்டி, தண்ணீர் தெளியும்வரை அலசுங்கள். உப்பும் ஒரு கரண்டி வினிகரும் சேர்த்த நீரில், ஓரம் குழையத் தொடங்கும்வரை வேகவைத்து, துணியில் பரப்பி ஈரம் போக உலர்த்துங்கள். வினிகர் துண்டுகள் உடையாமல் பிடித்துக்கொள்ளும். முதலில் 150 டிகிரி அளவுள்ள எண்ணெயில் நிறம் மாறாமல் பொரித்து எடுத்து, நன்றாக ஆறவிட்டு, பின்பு 180 முதல் 190 டிகிரியில் பொன்னிறமாகப் பொரிக்க வேண்டும். சட்டியில் ஒரே நேரத்தில் நிறையப் போட்டால் எண்ணெய் குளிர்ந்துவிடும். வீட்டில் பெரும்பாலும் கெடுவது இதனால்தான்.

தங்கள் மருமகன் சிக்கன் சால்ட் கேட்டால் திகைக்க வேண்டாம். தெற்கு ஆஸ்திரேலியாவில் 1970-களில் தோன்றிய மசாலா உப்பு அது. இப்போது விற்பவற்றில் பலவற்றில் கோழியே கிடையாது. உப்புடன் பூண்டுப் பொடி, வெங்காயப் பொடி, மிளகாய்ப் பொடி கலந்தால் ஏறத்தாழ அந்தச் சுவை வந்துவிடும்.

காக்ஸ்டவுன்வாசி:
அனைவருக்கும் நன்றி. கடைக்காரர் முதலில் சந்தேகமாகப் பார்த்தார். விஷயத்தைச் சொன்னதும் சிரித்துக்கொண்டே கிழங்கு கொடுத்ததோடு, முதல் பொரிப்பை முடித்து எடுத்து வந்தால் இரண்டாம் பொரிப்பைத் தம்முடைய பெரிய கடாயிலேயே போட்டுத் தருவதாகவும் சொன்னார். நேற்று மாலை ஆறு மணிக்குப் பாத்திரமும் கையுமாகப் போய் நின்றோம். ஜல்லிக்கரண்டியில் அள்ளியதுமே கலகலவென்று சத்தம் கேட்டது. பையன் கடை வாசலிலேயே பாதியைத் தீர்த்துவிட்டான். மீதியைத் தங்கைக்கு எடுத்துச் செல்ல, ஏரிக்கரை நண்பரின் எச்சரிக்கையை நினைத்து, பாத்திரத்தை மூடாமலே ஆட்டோவில் வந்தேன். ஓட்டுநரும் நான்கு எடுத்துக்கொண்டார்.