பெல்லட் கிரில் பற்றவைத்ததும் சூடு 380-க்கு எகிறுகிறது, என்ன காரணம்?

பிளேனோவாசி:

வணக்கம். டெக்சஸில் டல்லஸ் பக்கம் இருக்கிறேன். போன கோடையில் ஒரு பெல்லட் கிரில் வாங்கினேன், அதாவது மரத்தூளை அழுத்திச் செய்த சிறு குச்சிகளை (பெல்லட்) எரித்துச் சமைக்கும் மின்சார கிரில். கீழே சொல்லும் சூடெல்லாம் ஃபாரன்ஹீட்.

225-இல் வைத்துப் பற்றவைக்கிறேன். முதல் ஏழெட்டு நிமிடம் ஒன்றுமே நடக்காது, திரையில் வெளிக்காற்றின் சூடுதான் தெரியும். அப்புறம் கெட்டியான வெள்ளைப் புகை குபுகுபுவென்று வரும். அது முடிந்ததும் மளமளவென்று ஏறி 15-ஆவது நிமிடம் 380. பிறகு மெதுவாக இறங்கி 225-க்கு வர 40 நிமிடம் ஆகிறது. வந்து நின்றுவிட்டால் ஒரு குறையும் இல்லை, ஐந்து மணிநேரம் ஓடினாலும் 10, 15 டிகிரிக்கு மேல் அசையாது. வாங்கிய புதிதில் 270 வரை போய் இறங்கிவிடும். இப்போதுதான் இப்படி.

போன சனிக்கிழமை, ஊரிலிருந்து வந்திருக்கும் அம்மாவுக்காக ஆட்டுத்தொடை வாங்கி, தயிர், மிளகு, சோம்பு, பூண்டு அரைத்துத் தடவி ராத்திரி முழுக்க ஊறவைத்தேன். காலையில் கிரிலைப் பற்றவைத்த கையோடு உள்ளே வைத்துவிட்டேன். மசாலா கரிந்து கசந்துவிட்டது, எலும்போரம் வேகவே இல்லை. அம்மா ஒன்றும் சொல்லாமல் சாப்பிட்டார்கள். எனக்குத்தான் மனசு ஆறவில்லை.

சூட்டைக் கட்டுப்படுத்தும் கன்ட்ரோலர் போய்விட்டதா? சென்சார் மாற்ற வேண்டுமா? நான் வேறெதுவும் மாற்றவில்லை. அதே பெல்லட், அதே இடம். சமைத்து முடித்ததும் ப்ளக்கைப் பிடுங்கி, ஆறியபின் உறை போட்டு மூடிவிடுவேன்.

கரிவாசனை:

உள்ளே பக்கச் சுவரில் பென்சில் தடிமனில் ஒரு உலோகக் குச்சி நீட்டிக்கொண்டிருக்கும், அதுதான் சென்சார். அதன்மேல் எண்ணெய்ப் பிசுக்கு படிந்தால் சூட்டைத் தாமதமாகத்தான் காட்டும். ஆறியபின் ஈரத்துணியால் துடைத்துப் பாருங்கள். எனக்கு அதிலேயே பாதி சரியானது.

மினசோட்டா அக்கா:

தம்பி, கன்ட்ரோலரை வாங்கிவிடாதீர்கள். உங்கள் கடைசி வரியில்தான் விஷயம் இருக்கிறது. ப்ளக்கைப் பிடுங்குகிறேன் என்கிறீர்களே, அதுதான்.

ஒன்பது வருடமாக இந்தக் குளிரில் பெல்லட் கிரில் வைத்திருக்கிறேன், இரண்டாவது கிரில் ஓடுகிறது. உள்ளே நடப்பதைச் சொல்கிறேன். பெல்லட் கொட்டிவைக்கும் பெட்டியான ஹாப்பரிலிருந்து ஒரு திருகுக் கம்பி பெல்லட்டைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ளிக்கொண்டு போய், நடுவில் இருக்கும் நெருப்புக் கிண்ணத்தில் போடுகிறது. கிண்ணத்துக்குள் நீட்டியிருக்கும் இக்னைட்டர் பழுத்துப் பற்றவைக்கிறது. கிண்ணத்தைச் சுற்றியுள்ள ஓட்டைகள் வழியாக ஃபேன் காற்று ஊதுகிறது. தீ பிடித்ததா இல்லையா என்று கன்ட்ரோலருக்குக் கண்ணால் பார்க்கத் தெரியாது. சென்சார் ஏறும்வரை பெல்லட் போய்க்கொண்டே இருக்கும். பற்றத் தாமதமாகும் ஒவ்வொரு நிமிடமும் கிண்ணத்தில் பெல்லட் குவியும். பிடித்ததும் மொத்தக் குவியலும் ஒரே நேரத்தில் எரியும். அப்போது கன்ட்ரோலர் பெல்லட்டைக் குறைத்தாலும், விழுந்தது எரிந்துதானே தீரவேண்டும்? உங்கள் வெள்ளைப் புகை, எரியாமல் வெந்துகொண்டிருக்கும் அந்தக் குவியல்தான்.

இனி ப்ளக். அணைக்கும் பொத்தானை அழுத்தினால் ஃபேன் உடனே நிற்காது, கிண்ணத்தில் மிச்சமிருப்பது எரிந்து தீரும்வரை ஊதும். என்னுடையதில் ஏறக்குறைய 10 நிமிடம். நீங்கள் பிடுங்கிவிடுவதால் பாதி எரிந்த பெல்லட்டும் சாம்பலும் கிண்ணத்திலேயே தங்கிவிடுகின்றன. அடுத்த முறை அதன்மேல் புதுசு விழுகிறது. சாம்பல் ஓட்டைகளை அடைத்து, இக்னைட்டரையும் போர்த்திவிடுகிறது. பற்ற இன்னும் தாமதம், குவியல் இன்னும் பெரிசு. இன்னொன்றும் இருக்கிறது, இது பாதுகாப்பு. ஃபேன் திடீரென்று நின்றால் கனல் திருகுக் குழாய் வழியாக ஹாப்பர் பக்கம் ஊர்ந்து போகலாம். தயவுசெய்து இனிமேல் பிடுங்காதீர்கள்.

நன்றாக ஆறியபின், அதாவது மறுநாள், கம்பித் தட்டுகளையும் எண்ணெய்த் தட்டையும் எடுத்துவிட்டுக் கிண்ணத்தைப் பாருங்கள். வேக்குவம் வைத்து முழுக்க உறிஞ்சுங்கள். கனல் ஒரு பொட்டு இருந்தாலும் வேக்குவம் பற்றிக்கொள்ளும், அதனால்தான் மறுநாள் என்கிறேன். ஒரு முறை பற்றாமலே போய்க் கிண்ணம் நிரம்பிவிட்டால் அப்படியே திரும்ப ஸ்டார்ட் செய்யவே கூடாது. ஆறவிட்டுக் காலி செய்துதான்.

அப்புறம் இறைச்சி. நல்ல நிலையில் இருக்கும் கிரிலும் 225-க்கு வைத்தால் முதலில் 260, 280 போய்த்தான் இறங்கும். புகை மெலிந்து நீலமாகி, சூடு கால் மணிநேரம் ஒரே இடத்தில் நின்றபின் வையுங்கள். நடுவில் திறந்து திறந்து பார்த்தால் சூடு விழும், கன்ட்ரோலர் பதறி இன்னும் பெல்லட் போடும், மறுபடி ஏறும்.

நியூஜெர்சி அடுப்படி:

அக்கா சொன்னதோடு ஒன்று. பெல்லட்டைக் கையில் எடுத்து ஒடித்துப் பாருங்கள். டக்கென்று சத்தத்தோடு முறிந்தால் நல்லது. பிசுபிசுவென்று உதிர்ந்தால் ஈரம் வாங்கியிருக்கிறது, அதுவும் மெதுவாகத்தான் பற்றும். டெக்சஸ் கோடையில் ஹாப்பரிலேயே விட்டுவைத்திருந்தால் சந்தேகப்படுவேன். மூடியைத் திறந்து வைத்தே பற்றவைக்கச் சிலர் சொல்வார்கள். பழைய மாடல்களுக்கு அது சரி, பல புது மாடல்கள் மூடி வைத்துப் பற்றவைக்கவே செய்யப்பட்டவை. உங்கள் கையேட்டில் என்ன இருக்கிறதோ அதையே செய்யுங்கள்.

கரிவாசனை:

பி-செட்டிங் (பெல்லட் விழும் இடைவெளியை மாற்றும் எண்) உள்ள கன்ட்ரோலர் என்றால் அதை இப்போது தொடாதீர்கள். அந்த எண்ணைக் கூட்டினால் இடைவெளி கூடும், உண்மைதான். ஆனால் கிண்ணம் அடைத்திருக்கும்போது அதை மாற்றினால் எது காரணமென்றே பிடிபடாது.

பிளேனோவாசி:

அக்கா, இன்று காலை திறந்து பார்த்தேன். கிண்ணத்தில் முக்கால்வாசி சாம்பலும் கருகிய பெல்லட்டும். இக்னைட்டர் கண்ணுக்கே தெரியவில்லை. அடியில் நான்கு ஓட்டை முழுக்க அடைத்திருந்தது, பல்குச்சியால் குத்தி எடுத்தேன். சென்சாரைத் துடைத்த துணி கன்னங்கரேலென்று ஆகிவிட்டது. பெல்லட் டக்கென்று முறிந்தது, ஆகவே ஈரம் இல்லை.

வெறுமனே ஓட்டிப் பார்த்தேன். நான்காவது நிமிடம் பற்றிக்கொண்டது, வெள்ளைப் புகை இரண்டு நிமிடம்கூட இல்லை. அதிகபட்சம் 268. 25-ஆவது நிமிடம் 225-இல் நின்றுவிட்டது. பொத்தானை அழுத்தி அணைத்து, ஃபேன் தானாக நிற்கும்வரை பக்கத்திலேயே நின்றேன், 11 நிமிடம்.

அம்மா இன்னும் இரண்டு வாரம் இருப்பார்கள். சனிக்கிழமைக்கு ஆட்டுத்தொடை சொல்லிவைத்துவிட்டேன். அக்கா, எலும்போடு ஐந்து பவுண்டு, 225-இல் எவ்வளவு நேரம் பிடிக்கும்?

மினசோட்டா அக்கா:

நேரத்தைப் பார்க்காதீர்கள் தம்பி, எலும்பில் படாமல் தெர்மாமீட்டர் குத்திப் பாருங்கள். அம்மாவுக்கு நன்றாக வெந்து உதிர வேண்டுமென்றால் உள்ளே 195-க்கு மேல் போகவேண்டும். 165 வந்ததும் ஃபாயிலில் சுற்றி, கிரிலை 275-க்கு ஏற்றுங்கள். மதியச் சாப்பாட்டுக்கு என்றால் விடியற்காலை 4 மணிக்கே பற்றவைத்துவிடுங்கள்.