குடும்ப வன்முறை வழக்கில் தண்டனை பெற்றவர் துப்பாக்கி வைத்திருக்கலாமா?

கேள்வி:
வணக்கம். டெக்சாஸில் வசிக்கும் என் தங்கையின் கணவர், அவளை அடித்த வழக்கில் குற்றத்தை ஒப்புக்கொண்டு, மிஸ்டிமீனர் எனப்படும் சிறுகுற்றப் பிரிவில் ஓராண்டு நன்னடத்தைக் கண்காணிப்பில் இருந்தார். அது முடிந்து ஐந்தாண்டுகள் கடந்துவிட்டதால் இனித் தடை இல்லை என்று கூறி, தம் அண்ணனிடம் கொடுத்து வைத்திருந்த கைத்துப்பாக்கியைச் சென்ற வாரம் திரும்பக் கொண்டுவந்து, படுக்கையறை அலமாரியின் மேல்தட்டில் ஒரு செருப்புப் பெட்டிக்குள் வைத்திருக்கிறார். அவர் சொல்வது சரிதானா?

மறுமொழி 1:
ஐந்தாண்டு என்பது டெக்சாஸ் மாநிலச் சட்டத்தின் கணக்கு. அந்த அளவில் அவர் சொல்வது பொய்யல்ல. ஆனால், லாட்டன்பர்க் திருத்தம் என்று அழைக்கப்படும் 1996ஆம் ஆண்டுக் கூட்டாட்சிச் சட்டத்தின்படி (இது அமெரிக்கா முழுமைக்கும் பொருந்துவது), மனைவியைத் தாக்கிய சிறுகுற்றத்துக்குத் தண்டனை பெற்றவர், சிறைக்குப் போயிருந்தாலும் போகாவிட்டாலும், துப்பாக்கியையோ தோட்டாவையோ வைத்திருக்கக் கூடாது. இத்தடைக்குக் காலவரம்பு இல்லை. அது நீங்க, தீர்ப்பு ரத்தாக வேண்டும், பதிவிலிருந்து நீக்கப்பட வேண்டும், அல்லது மன்னிப்பு கிடைக்க வேண்டும். காவலர்களுக்கும் படைவீரர்களுக்கும்கூட இதில் விலக்கு இல்லை. 2022இல் வந்த சட்டம், மணமாகாத காதல் உறவில் நடந்த முதல் குற்றத்துக்கு மட்டும் ஐந்தாண்டில் உரிமையைத் திருப்பித் தருகிறது. கணவருக்கு அது பொருந்தாது. மீறினால் 15 ஆண்டுகள் வரை சிறை.

மறுமொழி 2:
சட்டம் அப்படித்தான் இருக்கிறது என்பதை மறுக்கவில்லை. ஆயினும், ஒரு சிறுகுற்றத்துக்காக அரசமைப்பு தந்த உரிமையை ஆயுள் முழுவதும் பறிக்கலாமா என்பது எனக்கு இன்னும் உறுத்தலாகவே இருக்கிறது. பத்தாண்டுகளாக விசாரணைகளில் வாய் திறவாதிருந்த அமெரிக்க உச்ச நீதிமன்ற நீதிபதி கிளாரன்ஸ் தாமஸ், 2016இல் இதே தடையைப் பற்றிய வொய்சீன் வழக்கில் மௌனம் கலைத்துக் கேட்டதும் ஏறத்தாழ இதைத்தான். (அவ்வழக்கில் அரசே 6-2 என வென்றது.) 2024இல் ரஹீமி வழக்கில் 8-1 என்று வந்த தீர்ப்பைப் பலர் இதற்கு விடையாகக் காட்டுகிறார்கள், ஆனால் அது, வன்முறைக்கு ஆளானவரைக் காக்க நீதிமன்றம் இடும் பாதுகாப்பு ஆணை நடப்பில் உள்ளவரை நீடிக்கும் தற்காலிகத் தடையைப் பற்றியது, ஆயுள் தடையை அது ஆராயவில்லை.

மறுமொழி 3:
கேட்டவருக்கு இப்போது தேவை வேறு. கூட்டாட்சிச் சட்டம் வைத்திருக்காதே என்கிறதே ஒழிய, ஏற்கெனவே கையில் இருப்பதை யாரிடம், எத்தனை நாளுக்குள் ஒப்படைக்க வேண்டும் என்ற நடைமுறையை வகுக்கவில்லை. தடை உள்ளவர் புதிதாக வாங்குவதைத் தடுக்க, கடையில் வாங்குபவரின் குற்றப்பதிவைப் பார்க்கும் பின்னணிச் சோதனையும் பதிவுகள் சரியாக இருந்தால்தான் பயன்படும். 2017இல் டெக்சாஸின் சதர்லேண்ட் ஸ்பிரிங்ஸ் தேவாலயத்தில் இருந்தவர்களைச் சுட்டவர், மனைவியைத் தாக்கியதற்காக ராணுவ நீதிமன்றத்தில் தண்டனை பெற்றவர். விமானப்படை அதைப் பதிவுக்கு அனுப்பாததால் கடையிலேயே துப்பாக்கி வாங்கினார்.

அம்மா, முதலில் தீர்ப்பின் நகலை நீதிமன்ற எழுத்தரிடம் பெற்று ஒரு வழக்கறிஞரிடம் காட்டுங்கள். தீர்ப்பு ஒத்திவைக்கப்பட்டுக் கண்காணிப்போடு வழக்கு முடிந்திருந்தால், அது குற்றத்தீர்ப்பாகக் கருதப்படாமல் தடையே பொருந்தாமல் போகலாம். அதுவரை பெட்டியைப் பற்றித் தங்கை அவரிடம் வாதிட வேண்டாம். அவர் வீட்டில் இல்லாத நேரத்தில், வேறொருவரின் தொலைபேசியிலிருந்து, 1-800-799-7233 என்ற தேசியக் குடும்ப வன்முறை உதவி எண்ணை அழைக்கச் சொல்லுங்கள்.

கேட்டவர்:
நன்றி. நகலுக்கு இன்று விண்ணப்பித்துவிட்டேன். தங்கை இரவு என் வீட்டுக்கு வருகிறாள்.