மீதிச் சில்லறைக்கு 20 நிமிஷமா?

ரகசியக்காசு: "மொனேரோங்கிற கிரிப்டோ காசில் ஒருதரம் செலவு பண்ணினா மீதி 20 நிமிஷம் பூட்டிக்கும், தினசரி செலவுக்கு லாயக்கில்லை"ன்னு கணக்கன் நேத்து தீர்ப்பு சொன்னார். ஐயா, காசு வெச்சிருக்கிற ஆப், அந்த வாலட்டை ஒருதரமாவது திறந்து பார்த்திருக்கீங்களா? உள்ளே காசு நோட்டு மாதிரி துண்டு துண்டா இருக்கும். பூட்டுவது அந்தச் செலவில் கைவைத்த துண்டோட மீதியை மட்டும்தான். காசை ஏழெட்டுத் துண்டாப் பிரிச்சு வெச்சா அடுத்தடுத்து கொடுக்கலாம்.

கணக்கன்: துண்டு போட்டு வெக்கணுமாம்! ஒரே துண்டா இருந்தா? பரிவர்த்தனைகளைப் பதியுற பிளாக் 10 தாண்டணும், பிளாக்குக்கு 2 நிமிஷம். 20 நிமிஷம்தானே?

ரகசியக்காசு: ஒரே துண்டா இருந்தா, ஆமா.

கணக்கன்: ஆமான்னுட்டாரு. முடிஞ்சுது.

ரகசியக்காசு: எது முடிஞ்சுது? வாங்குறவருக்குச் சில விநாடியிலேயே காசு வர்றது தெரியும். சின்னத் தொகைக்கு அது போதும். உங்க பிட்காயினில் சராசரி 10 நிமிஷத்துக்கு ஒரு பிளாக். அதுவும் போக, காசு வாங்கினவர் அந்த முகவரியில் எவ்வளவு இருந்தது, எங்கிருந்து வந்ததுன்னு பின்னாடியே போய்ப் பார்க்கலாம். மொனேரோவில் செலவாகுற உண்மையான துண்டோட, மத்தவங்க துண்டில் 15-ஐப் போலியாக் கலந்து அனுப்புது. தொகையும் தெரியாது. நான் எதுக்குச் செலவு பண்றேன்னு ஊருக்கே கணக்கு காட்டணுமா?

கணக்கன்: கேட்டது ஒண்ணு, சொல்றது பத்து. 20 நிமிஷம்.

மின்னல்வழி: பிட்காயினில் லைட்னிங்னு, பிளாக்குக்காகக் காத்திருக்காம அனுப்புற தனி வழி இருக்கே, விநாடியில் போகுது. ரெண்டு பேரும் அதைச் சொல்லவே இல்லை.

ரகசியக்காசு: அதில் காசு போற பாதையை, அதான் சேனலை, திறக்கவும் மூடவும் பிளாக்கெல்லாம் கோத்த பொதுச் சங்கிலிக்கு வந்தாகணும் தம்பி. அது எல்லார் கண்ணிலும் படும்.

மின்னல்வழி: தம்பியா? 2010-ல் ஒருத்தர் 10,000 பிட்காயின் கொடுத்துப் பீட்சா வாங்கின காலத்திலிருந்து நான் இருக்கேன்.

கணக்கன்: அந்தப் பீட்சாவே பிட்காயினில் வாங்கினது இல்லை. 10,000 காயினை வாங்கிக்கிட்ட இன்னொருத்தர் சாதாரணப் பணத்தில் ஆர்டர் பண்ணிக் கொடுத்தார். கடைக்காரர் காயினைக் கண்ணால கூடப் பார்க்கலை.

மின்னல்வழி: அதுவும் செலவுதான்!

கணக்கன்: பண்டமாற்று.

ரகசியக்காசு: பீட்சாவை விடுங்கப்பா. சங்கிலியோட கடைசி சில பிளாக் ரத்தாகி வேற பிளாக் வந்தா, போலியாச் சேர்த்த துண்டு காணாமப்போய் அடுத்தவரோட பரிவர்த்தனையும் செல்லாம போயிடும். அதைத் தடுக்கத்தான் அந்த 10 பிளாக். வேணும்னு வெச்ச காவல். குறைன்னு நீங்கதான் சொல்றீங்க.

கணக்கன்: காவலா? 2025 செப்டம்பரில் மொனேரோவில் 18 பிளாக் அப்படி ரத்தாகிப் பின்னால போச்சே, அப்ப காவல்காரர் தூங்கிட்டிருந்தாரா?

ரகசியக்காசு: விலை ஏறுதா இறங்குதான்னு ராத்திரி பகலா வரைபடம் பார்க்கிறவங்களுக்குச் செலவைப் பத்திப் பேச என்ன தகுதி? போன மாசம் இதே வாயால "எல்லாக் கிரிப்டோவும் சூதாட்டம்"னீங்க. இப்ப நிமிஷக் கணக்கு.

கணக்கன்: அது வேற திரி, அங்க வந்து கேளுங்க. கிரிப்டோ சந்தையான பைனான்ஸ் 2024 பிப்ரவரியில் உங்க மொனேரோவைப் பட்டியலிலிருந்து தூக்கினப்ப புலம்பினது யாரு? செலவுக்குத்தான் வெச்சிருக்கோம்னா சந்தையில் இருந்தா என்ன, இல்லாட்டி என்ன?

ரகசியக்காசு: சம்பளக் காசைக் காயினா மாத்த ஒரு வாசல் வேணாமா?

கணக்கன்: வாசல்ல 20 நிமிஷம் நில்லுங்க.

மின்னல்வழி: பண்டமாற்றுன்னு சொன்னதுக்கு இன்னும் விளக்கம் வரலை.