பெரிய வீட்டுக் குழு: கிரைண்டர் எங்கே வைப்பது?

சனிக்கிழமை

நான், காலை 9:12
பெங்களூரு சர்ஜாபூர் ரோடு ஃபிளாட் சாவி கைக்கு வந்துவிட்டது. நேற்று ஓர் இன்டீரியர் கம்பெனி ஷோரூமுக்குப் போனோம். கொட்டேஷன் பி.டி.எஃப். கீழே போட்டிருக்கிறேன். 8,40,000 ரூபாய். 18 சதவீத ஜி.எஸ்.டி. சேர்த்தால் 9,91,200. மாதக் கடைசிக்குள் புக் செய்தால் சிம்னி இலவசமாம். எல்லாரும் பார்த்துச் சொல்லுங்கள்.

தம்பி, 9:13
அந்தப் பணத்துக்குக் கார் வந்துவிடும். அதிலேயே குடியிருக்கலாம்.

அம்மா, 9:20
படம் அழகாக இருக்கிறது. கிரைண்டர் எங்கே வைப்பது?

சேலம் மாமா, 9:26
ரொம்ப சந்தோஷம் கண்ணு. பிளைவுட் எல்லாம் எதற்கு? இங்கே மில்லில் தேக்கு அறுத்து லாரியில் போட்டுவிடட்டுமா?

அக்கா, 9:27
மாமா, வீடு 11ஆவது மாடி. சர்வீஸ் லிஃப்டில் ஏறும் அளவுக்கு அனுப்புங்கள், போதும்.

அல்சூர் சித்தப்பா, 10:05
பி.டி.எஃப். முழுக்கப் படித்தேன். 14 பக்கத்தில் 11 பக்கம் படம். மிச்சம் 3 பக்கத்தில்தான் விஷயம் இருக்கிறது. ‘கார்கஸ்: பிரீமியம் பிளை’ என்று போட்டிருக்கிறார்கள். கார்கஸ் என்றால் அலமாரியின் உள்பெட்டி. பிரீமியம் என்று ஒரு கிரேடே கிடையாது. ஐ.எஸ். நம்பர், அதாவது இந்தியத் தர எண், என்ன என்று கேள். ஐ.எஸ். 303 எம்.ஆர். என்றால் ஈரக்காற்றைத் தாங்கும், தண்ணீரில் நிற்காது. ஐ.எஸ். 710 என்றால் பி.டபிள்யூ.பி., கொதிநீரையும் தாங்கும் ரகம், கடையில் மரைன் பிளை என்பார்கள். பெட்ரூம் வார்ட்ரோபுக்கு எம்.ஆர். தாராளமாகப் போதும், அங்கே 710 போடுவது வீண் செலவு. ஆனால் சிங்குக்குக் கீழே எம்.ஆர். போட்டால் என் வீட்டுக் கதைதான்.

அக்கா, 10:07
என்ன கதை சித்தப்பா? எங்களிடம் சொல்லவே இல்லையே.

அல்சூர் சித்தப்பா, 10:19
வெட்கப்பட்டுக்கொண்டு சொல்லவில்லை. கம்பெனி பெயர் வேண்டாம், விடு. சிங்க் குழாயில் ஒரு சின்னக் கசிவு, பத்து நாள் யாரும் கவனிக்கவில்லை. திறந்து பார்த்தால் அடிப்பலகை காபியில் ஊறின ரஸ்க் மாதிரி உப்பிக்கிடக்கிறது. போன் செய்தால் ‘டிக்கெட் போட்டிருக்கிறோம் சார்’ என்றார்கள். நாலு மாதம் அதே டிக்கெட்தான். ஏன் என்று யோசித்தேன். அவர்களுக்கு நான் தர வேண்டியது ஒரு ரூபாய்கூட பாக்கி இல்லை. அப்புறம் எதற்கு வருவார்கள்?
கடைசியில் 1915, தேசிய நுகர்வோர் ஹெல்ப்லைனில் புகார் பதிந்தேன். வந்து இரண்டு கதவை மாற்றினார்கள். அடிப்பெட்டியை மாற்றவில்லை. மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போயிருக்கலாம். 5 லட்சம் வரை கட்டணமே கிடையாது. எனக்கு அலுத்துவிட்டது, போகவில்லை.

நான், 10:24
எனக்கும் அதே மாதிரிதான் போட்டிருக்கிறார்கள் சித்தப்பா. புக்கிங்குக்கு 10 சதவீதம், டிசைன் முடிந்ததும் 50, ஃபேக்டரியிலிருந்து சரக்குக் கிளம்பும்முன் 40.

அல்சூர் சித்தப்பா, 10:26
கூட்டிப் பார். லாரி உன் வாசலுக்கு வரும்முன் 9,91,200 ரூபாயும் அவர்கள் கையில். வேலையே அதற்குப் பிறகுதான் ஆரம்பம்.

நான், 10:27
அப்படி நான் பார்க்கவே இல்லை.

தம்பி, 10:27
சிம்னி இலவசம் அல்லவா, அதைப் பார்த்துக்கொண்டிருந்தாய்.

அத்தான், 11:40
ஒரு விஷயம். ஏழாம் பக்கத்தில் கிச்சனுக்கும் யூட்டிலிட்டிக்கும் (துவைக்கிற, கழுவுகிற இடம்) நடுவில் இருக்கிற சுவரை எடுத்துவிட்டு ஓப்பன் கிச்சன் வரைந்திருக்கிறார்கள். உங்கள் கட்டடம் மைவான். அலுமினிய ஷட்டரிங் வைத்துச் சுவரும் ஸ்லாபும் சேர்த்துக் கான்கிரீட் ஊற்றியது. மேல்மாடிகளின் எடையை அந்தச் சுவர்தான் தாங்குகிறது. உடைக்கவும் கூடாது, வயர் புதைக்கக் காடி வெட்டவும் கூடாது. சைட்டுக்கு வராமல் வரைந்த படம் இது.

நான், 11:42
டிசைனர் வந்தார் அத்தான். அரை மணி நேரம் லேசர் வைத்து அளந்தாரே.

அத்தான், 11:43
அளந்திருப்பார். தட்டிப் பார்த்திருக்க மாட்டார்.

அம்மா, 11:50
சுவர் இருக்கட்டும், நல்லதுதான். தாளிக்கிற புகை ஹாலுக்கு வராது. கிரைண்டர் எங்கே வைப்பது என்று யாரும் சொல்லவில்லை.

அல்சூர் சித்தப்பா, 12:15
நான் சொல்வது, கம்பெனியை விட்டுவிட்டு ஒரு நல்ல கார்பென்டரைப் பிடி. மைசூர் ரோடு டிம்பர் யார்ட் லேஅவுட்டில் நீயே பிளை வாங்கிப் போடு. ஷீட் 8க்கு 4, அதாவது 32 சதுர அடி. ஒவ்வொரு ஷீட்டிலும் ஐ.எஸ்.ஐ. முத்திரைக்குப் பக்கத்தில் சி.எம்./எல். நம்பர் இருக்கும். தர நிர்ணய அமைப்பின் பி.ஐ.எஸ். கேர் ஆப்பில் அந்த நம்பரைப் போட்டால் எந்த ஃபேக்டரிக்கு லைசென்ஸ் என்று காட்டும். முத்திரையைப் போலியாகக் குத்துகிறவர்களும் இருக்கிறார்கள்.

அக்கா, 12:31
சித்தப்பா, மன்னிக்கவும், இதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். நீங்கள் ரிட்டையர்டு, தினமும் போய் நாற்காலி போட்டு உட்காருவீர்கள். இவளுக்கு வாரம் நாலு நாள் ஆபீஸ். ஒயிட்ஃபீல்டில் நாங்கள் கார்பென்டர் வைத்துத்தான் செய்தோம். ஆள் தங்கமானவர், ராஜஸ்தான்காரர், கை சுத்தம். ஆனால் ஹோலிக்கு ஊருக்குப் போனவர் 24 நாள் கழித்து வந்தார். அவர் இல்லாமல் எலெக்ட்ரீஷியன் நிற்கிறார், எலெக்ட்ரீஷியன் முடிக்காமல் பெயின்டர் நிற்கிறார். கீல் வாங்க, ஸ்க்ரூ வாங்க, ஃபெவிகால் தீர்ந்துவிட்டது என்று தினம் ஒரு போன். லேமினேட்டை ஃபெவிகால் தடவி, மேலே டைல்ஸ் பெட்டியை அடுக்கி ஒட்டினார்கள். ஃபேக்டரியில் பிரெஸ்ஸில் ஒட்டுகிறார்கள், ஓரத்தில் ஒட்டுகிற பட்டை, எட்ஜ் பேண்டும் மெஷினில்தான். எங்கள் வீட்டில் ஓரம் இப்போதே பிரிகிறது. இத்தனைக்கும் மிச்சமானது ஒரு லட்சத்துக்கும் குறைவு. நான் எடுத்த லீவைக் கணக்குப் போட்டால் அதுவும் இல்லை.

அல்சூர் சித்தப்பா, 12:40
👍 (அரை மனதோடு)

ஒசூர் அத்தை, 1:05
இப்போதுதான் எல்லாவற்றையும் படித்து முடித்தேன். ஏன் இவ்வளவு அவசரம்?

நான், 1:07
தை முதல் வெள்ளிக்குள் கிரகப்பிரவேசம் வைக்க வேண்டும் அத்தை. கம்பெனி 45 நாளில் முடித்துத் தருகிறேன் என்கிறது. அதனால்தான்.

அக்கா, 1:08
அந்த 45 எப்போது ஆரம்பிக்கிறது என்று பார்த்தாயா? டிசைனில் நீ கையெழுத்துப் போட்டு 60 சதவீதம் கட்டிய நாளிலிருந்து. புக்கிங் நாளிலிருந்து இல்லை.

ஒசூர் அத்தை, 1:15
கிரகப்பிரவேசத்துக்கு அலமாரி எதற்கு? வாசலில் கோலம், ஒரு அடுப்பு, ஒரு பால் பாத்திரம் இருந்தால் போதாதா? கார்த்திகையில் நல்ல முகூர்த்தம் பார்த்துப் பாலைக் காய்ச்சிவிடுங்கள். ஹோமப் புகை புதுச் சீலிங்கில் படியாது, வருகிறவர்கள் ஈரக்கையால் புதுக் கதவைத் தொட மாட்டார்கள். அப்புறம் மர வேலை மெதுவாக நடக்கட்டும். நாங்கள் அப்படித்தான் செய்தோம்.

நான், 1:16
அத்தை!!! இது ஏன் எனக்குத் தோன்றவில்லை?

அல்சூர் சித்தப்பா, 1:18
ஒசூர் அக்கா ஒரே வரியில் கம்பெனியின் பிடியைத் தளர்த்திவிட்டாள். தேதி நம்மை நெருக்காவிட்டால் பேரம் நம் பக்கம்.

ஞாயிற்றுக்கிழமை

நான், காலை 10:30
சேல்ஸ் ஆளிடம் ஐ.எஸ். நம்பர் கேட்டேன். கிச்சன் உட்பட எல்லாம் 303 எம்.ஆர். என்று பதில். கிச்சனுக்கு மட்டும் 710 வேண்டுமானால் 62,000 கூடுதல். 10 சதவீதத்தை ஹேண்டோவருக்குப் பிறகு தருகிறேன் என்று கேட்டதற்கு, ‘சிஸ்டத்தில் அந்த ஆப்ஷன் இல்லை மேடம்’. இரண்டு பிளையிலும் ஒவ்வொரு துண்டு சாம்பிள் கொடுத்தார்கள்.

சேலம் மாமா, 10:38
துண்டு கிடைத்ததா? கொதிக்க வைத்துப் பார்.

அல்சூர் சித்தப்பா, 10:41
மச்சான் சொல்வது சரி. 710 பிளையை 72 மணி நேரம் கொதிக்கவைத்துச் சோதிக்க வேண்டும் என்பதுதான் விதி. அதில் ஃபீனால் ஃபார்மால்டிஹைடு பசை, எம்.ஆரில் யூரியா ஃபார்மால்டிஹைடு பசை. வீட்டில் 72 மணி நேரமெல்லாம் வேண்டாம், நாலு மணி நேரத்திலேயே வித்தியாசம் தெரிந்துவிடும். உதவாத பழைய பாத்திரத்தில் வை. ஜன்னலைத் திறந்து வை. சமைக்கிற பாத்திரம் கூடாது.

தம்பி, பகல் 3:50
[படம்]
[படம்]
இடது பக்கம் எம்.ஆர்., ஏடு ஏடாகப் பிரிந்துவிட்டது, மைசூர் போண்டா மாதிரி வீங்கியும் இருக்கிறது. வலது பக்கம் 710, கறுத்திருக்கிறது, பிரியவில்லை. வீடு முழுக்கப் பசை வாடை.

அம்மா, 3:52
அது என் இட்லிப் பானை.

தம்பி, 3:52
இந்தச் செய்தி நீக்கப்பட்டது

அம்மா, 3:53
நீக்கினால் பானை திரும்ப வருமா? அந்தப் பானையை இனி அடுப்பில் ஏற்ற முடியாது. எங்கள் அம்மா கொடுத்தது.

சேலம் மாமா, 3:58
நான் கொதிக்க வை என்றுதான் சொன்னேன். பாத்திரத்தைச் சொன்னது மாப்பிள்ளை.

அல்சூர் சித்தப்பா, 3:59
பழைய பாத்திரம் என்றேன் அண்ணி. அவன் இருப்பதிலேயே வயதான பாத்திரத்தை எடுத்திருக்கிறான்.

அடுத்த சனிக்கிழமை

நான், மாலை 6:20
அந்தக் கம்பெனிக்கு வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். அக்கா ஆபீஸ் தோழி ஒருவர் சொல்லி, பீன்யாவில் ஒரு சின்ன ஃபேக்டரிக்கு அம்மாவும் நானும் இன்று போனோம். ஷோரூம் கிடையாது. பிரெஸ், எட்ஜ் பேண்ட் மெஷின், பக்கத்தில் அடுக்கிய ஷீட்கள், அவ்வளவுதான். ஷீட்டில் இருந்த நம்பரை ஆப்பில் போட்டுப் பார்த்தேன், சரியாக வந்தது. கிச்சனும் பாத்ரூம் வேனிட்டியும் 710, மற்றதெல்லாம் எம்.ஆர். சாஃப்ட் க்ளோஸ் கீல் என்ன பிராண்டு, எந்த மாடல் என்று எழுதித் தந்திருக்கிறார்கள். 7,30,000, ஜி.எஸ்.டி. சேர்த்து 8,61,400.

அக்கா, 6:22
லாஃப்ட் தனியா?

நான், 6:23
சேர்த்துத்தான். பழைய கொட்டேஷனில் வார்ட்ரோப் 7க்கு 7, 49 சதுர அடிக்கு ஒரு விலை, மேலே லாஃப்ட் 14 சதுர அடி தனி வரியில் இருந்தது. நான் அதைக் கவனிக்கவே இல்லை.

அத்தான், 6:30
எலெக்ட்ரிக்கல்?

நான், 6:34
சுவரில் கை வைக்கவில்லை. புது பாயின்டுகளுக்கு வயர் கேபினெட்டுக்குப் பின்னால் பைப்பில் போகும். கீசர் லைனுக்கு 4 சதுர மி.மீ., கிச்சன் 16 ஆம்பியர் சாக்கெட்டுகளுக்கு 2.5. அதற்கு எலெக்ட்ரீஷியன் தனி. பெட்டி மாட்டும்முன் அவர் முடித்துவிட வேண்டும் என்று இருவரிடமும் சொல்லிவிட்டேன்.

அல்சூர் சித்தப்பா, 6:36
பணம்?

நான், 6:38
முதலில் 10 சதவீதம், அடுத்து 40, சைட்டில் சரக்கை இறக்கி எண்ணிப் பார்த்த பிறகு 40. கடைசி 10, அதாவது 86,140, குறைகளின் பட்டியல் தீர்ந்த பிறகு. ஃபேக்டரிக்காரர் முதலில் தயங்கினார். ‘பால் காய்ச்சியாகிவிட்டது சார், எங்களுக்கு அவசரம் இல்லை’ என்று அம்மா சொன்னார். ஒத்துக்கொண்டார்.

ஒசூர் அத்தை, 6:39
இன்னும் காய்ச்சவே இல்லையே!

அம்மா, 6:41
காய்ச்சத்தானே போகிறோம்.

அல்சூர் சித்தப்பா, 6:45
அசோசியேஷனில் ரூல்ஸ் கேட்டாயா? எங்கள் அபார்ட்மென்டில் காலை 9:30க்கு முன் டிரில் போட்டால் வாட்ச்மேன் மேலே வந்துவிடுவார், ஞாயிறு வேலையே கூடாது. டெபாசிட்டும் வாங்குவார்கள். குப்பையை யார் இறக்குவது என்பதையும் கான்ட்ராக்டில் எழுது. அதில்தான் கடைசி நாள் சண்டை வரும்.

நான், 6:47
டெபாசிட் 25,000, கட்டியாகிவிட்டது. குப்பை அவர்கள் பொறுப்பு என்று எழுதியிருக்கிறது.

சேலம் மாமா, 7:10
கிரைண்டர் விஷயம் என்ன ஆச்சு கண்ணு? உன் அம்மா எனக்குத் தினமும் போன் செய்து கேட்கிறாள். நான் என்ன செய்ய?

நான், 7:15
அதுதான் மாமா இன்றைய கதையே. நான் எவ்வளவோ படம் காட்டினேன், அந்த ஃபேக்டரி மேஸ்திரி எதையும் பார்க்கவில்லை. அம்மாவை ஒரு மேடை முன்னால் நிற்கச் சொன்னார். ‘தோசை சுடுகிற மாதிரி கையை வையுங்கம்மா’ என்றார். 34 இஞ்ச் மேடையில் அம்மாவின் தோள் தூக்கிக்கொண்டது. கீழே இறக்கி இறக்கி 31இல் நிறுத்தினார். அப்புறம், கிரைண்டர் எத்தனை கிலோ, யார் தூக்குவது என்று கேட்டார். ‘தூக்கவே வேண்டாம்’ என்று சொல்லி, யூட்டிலிட்டியில் வாஷிங் மெஷின் பக்கத்தில் 2 அடி உயரத்தில் ஒரு கிரானைட் மேடை வரைந்தார். அதற்குத் தனி சாக்கெட், கழுவின தண்ணீர் போக அங்கேயே தரையில் ஜாலி மூடி. கல்லுக்கு ஜிகணியில் போய்ப் பார்க்கச் சொன்னார், மிச்சத் துண்டே போதுமாம்.

அம்மா, 7:18
உயரத்தைக் கேட்டுச் செய்கிறவரை இப்போதுதான் பார்க்கிறேன். இந்தக் குழுவில் ஒரு வாரமாகக் கேட்டேன்.

தம்பி, 7:19
அம்மா, இட்லிப் பானைக்கும் ஒரு மேடை போடச் சொல்லலாமா?

அம்மா, 7:20
பானையே இல்லை, மேடை எதற்கு? புதுப் பானையைக் கொட்டேஷனில் சேர்க்கச் சொல். உன் பேரில்.

அல்சூர் சித்தப்பா, 7:21
ஜி.எஸ்.டி. தனி.