கர்த்தர் "இப்பவே போ"ன்னு உணர்த்தி, தள்ளிப்போடாம போன அனுபவம் இருந்தா எழுதுங்க

நான் கோத்தகிரி பக்கம். 2009 நவம்பர் மழைய நீலகிரில யாரும் மறந்திருக்க மாட்டீங்க. 8ம் தேதி ஞாயித்துக்கிழமை, ஆராதனைக்கு பாதி பேர் கூட வரல, கூரை ஒழுகுதுன்னு ஆம்பள பொம்பள எல்லாரும் ஒரே பக்கமா ஒதுங்கி உக்காந்திருந்தோம்.

எனக்கும் என் தம்பிக்கும் அப்பா விட்டுட்டுப் போன ஒன்றரை ஏக்கர் தேயிலைல ஊத்துத் தண்ணி யாருக்குன்னு சண்டை, ரெண்டு வருஷமா பேச்சே கிடையாது, இலை எடை போடுற இடத்துல எதிர எதிர நின்னாலும் முகத்த திருப்பிக்குவோம். கிறிஸ்துமஸுக்குள்ள பேசிடணும்னு நெனைப்பேன், கிறிஸ்துமஸும் போயிரும்.

எங்க சபைல ஒரு பாட்டி இருந்தாங்க. 1964 சிறிமாவோ-சாஸ்திரி ஒப்பந்தத்துல சிலோன்ல இருந்து அனுப்பப்பட்டு, தலைமன்னார்ல கப்பல் ஏறி ராமேஸ்வரம் வந்து, இங்க டேன்டீங்கற அரசாங்கத் தேயிலைத் தோட்டத்துல கொழுந்து எடுத்தே பிள்ளைங்கள வளத்தவங்க. வேலைய விட்டு எத்தனையோ வருஷம் ஆகியும் விரல் நுனில அந்தக் கருப்புக் கறை போகவே இல்ல. கிளம்பும்போது ஹட்டன்ல அவங்க அக்காகூட ஏதோ பாத்திரத்துக்காக கோவிச்சுகிட்டு சொல்லாமலே கப்பல் ஏறிட்டாங்களாம், அப்புறம் அக்கா இறந்த கடுதாசி தான் வந்துச்சாம். அத சொல்லும்போதெல்லாம் அழுவாங்க.

அன்னைக்கு சபை போதகர் ஐயர் மத்தேயு 5 வாசிச்சாரு, முன்பு உன் சகோதரனோடே ஒப்புரவாகுங்கற இடம். காணிக்கைப் பை வருது, நான் கவர எடுக்குறேன், பக்கத்துல இருந்த பாட்டி என் கைய கவரோட சேத்துப் புடிச்சுட்டாங்க.

"தம்பிகிட்ட பேசிட்டியாப்பா?"

"பேசணும் பாட்டி."

"கவர உள்ள வை. எந்திரி, போ."

குரலக் கூட தாழ்த்தல, எல்லாரும் திரும்பிப் பாத்தாங்க, வெக்கத்துலயே எந்திரிச்சுப் போயிட்டேன். அங்க போனா தம்பி சாக்க வச்சு அடுப்படிக்குள்ள வர்ற தண்ணிய அடைச்சுகிட்டிருக்கான். ஒரு வார்த்தை பேசல, மம்பட்டிய எடுத்து ரெண்டு பேரும் வீட்டுப் பின்னாடி சாயங்காலம் வரைக்கும் வாய்க்கா வெட்டினோம். தம்பி பொண்டாட்டி கட்டஞ்சாயா கொண்டாந்து குடுத்துட்டு அங்கயே நின்னு அழுதுச்சு.

செவ்வாய்க்கிழமை விடியக்காலைல மண்ணு சரிஞ்சதுல பாட்டி வீடு போச்சு, பாட்டியும் போயிட்டாங்க. மாவட்டத்துல 40 பேருக்கு மேல இறந்த மழை அது, மேட்டுப்பாளையம் ரோடு, ரயில் பாதை எல்லாம் துண்டாயிருச்சு, வெளியூர் சொந்தக்காரங்க யாரும் வர முடியல. குழி வெட்ட நானும் தம்பியும் போனோம், அதே மம்பட்டி.

அவசரம்னா நெறைய பேரு கடைசி காலம், அடையாளம், தேதின்னு கணக்கு போடுறாங்க. அந்த நாளையும் நாழிகையும் பிதா ஒருவர் தவிர யாரும் அறியாருன்னு இயேசுவே மத்தேயு 24:36ல சொல்லிட்டார். எனக்கு அவசரம்னா என் கையப் புடிச்ச அந்தக் கை தான்.

பதில்:

அண்ணா, படிச்சு ரொம்ப நேரம் அப்படியே உக்காந்துட்டேன். நான் குன்னூர்ல ஒரு ஆஸ்பத்திரில வார்டு வேலை பாக்குறேன். போன மாசம் டியூட்டி முடிஞ்சு கிளம்புறப்ப ஒரு தாத்தா 121ம் சங்கீதம் வாசிச்சுட்டுப் போம்மான்னாரு, கடைசி பஸ்ஸுக்கு பத்து நிமிஷம் தான் இருந்துச்சு, நாளைக்கு வந்து வாசிக்கிறேன் தாத்தான்னு சொல்ல வாய் வந்துருச்சு ஆனா சொல்லல, பைய கீழ வச்சுட்டு வாசிச்சேன், எட்டு வசனம் தானே, அவரும் கூடவே சொன்னாரு பாதி இடத்துல என்னைய முந்திகிட்டு. பஸ் போயிருச்சு. மழைத்தூறல்ல டார்ச் அடிச்சுகிட்டு நாலு கிலோமீட்டர் நடந்தேன், வளைவுல ஒரு காட்டெருமை நின்னுச்சு, அது போற வரைக்கும் எனக்கு ஒத்தாசை வரும் பர்வதங்களுக்கு நேரா என் கண்களை ஏறெடுக்கிறேன்னு திரும்பத் திரும்ப சொல்லிகிட்டே நின்னேன். மறுநாள் போனா தாத்தாவ கோயமுத்தூருக்கு மாத்திட்டாங்கன்னு சொன்னாங்க.