அரேஞ்சர் கீபோர்டில் கார்ட் வரிசையை முன்கூட்டியே பதிந்து வைப்பது: லூப்பரா, ஸ்டெப் ரெக்கார்டிங்கா?

டிமைனர்_டேனி கேட்டது:

வணக்கம். கையில் இருப்பது யமஹா பிஎஸ்ஆர்-எஸ்எக்ஸ்700, இடது கையில் பிடிக்கும் கார்டுக்கு ஏற்பத் தானே பின்னணி வாசிக்கும் அரேஞ்சர் கீபோர்டு. மேடையில் சில பாட்டுகளுக்கு இரண்டு கையும் மெலடிக்கும் பிஜிஎம்முக்கும் வேண்டும் என்பதால், கார்டுகளை கார்ட் லூப்பரில் (கார்டு வரிசையைப் பதிந்து திரும்பத் திரும்ப ஓட்டும் வசதி) பதிந்து ஓடவிட நினைக்கிறேன். 6/8 ரிதம், சுருதி டி மைனர்.

பல்லவி 8 பார்: டி மைனர் | டி மைனர் | பி பிளாட் | சி/ஈ | டி மைனர் | ஜி மைனர் | ஏ7 | டி மைனர்

சரணம் 8 பார்: எஃப் | சி/ஈ | டி மைனர் | பி பிளாட் | ஜி மைனர் | ஜி மைனர் | ஏ சஸ்4 | ஏ7

பதிந்து ஓடவிட்டால் மூன்று இடத்தில் இடிக்கிறது.

1. சி/ஈ வரும் இடத்தில் பேஸ் ஈ-க்குப் போகாமல் சி-யிலேயே நிற்கிறது. கார்டு பிடிக்கும் முறையை ஃபிங்கர்ட் ஆன் பேஸுக்கு மாற்றினால் அது சரியாகிறது, ஆனால் ஏ7 வெறும் ஏ-வாகப் பதிகிறது.
2. இரண்டாவது சுற்றிலிருந்து பாட்டும் கார்டும் ஒரு பார் விலகிவிடுகின்றன.
3. சரணத்தின் கடைசி வரியில் அரை பார் கூடுதலாக வரும். அதை எப்படிப் பதிவது?

ஸ்டெப் ரெக்கார்டிங்கில், அதாவது கார்டுகளை ஒவ்வொன்றாக இடம் குறித்துப் பதியும் முறையில், செய்வதுதான் சரியான வழியா?

---

ஸ்பிளிட்பாயின்ட்:

ஏ7 ஏ-வாகப் பதிவதற்குக் காரணம் ஸ்பிளிட், அதாவது சாவிப்பலகையில் இடது கைக் கார்டுப் பகுதி முடியும் எல்லை. ஸ்டைல் (தானாக ஓடும் பின்னணி ரிதம்) ஸ்பிளிட் வாங்கும்போதே எஃப் ஷார்ப் 2-இல் இருக்கும். இடக்கோடி சாவி சி1. ஆக கார்டுக்குக் கிடைப்பது சி1 முதல் எஃப் ஷார்ப் 2 வரை 19 சாவிகள்தான். ஃபிங்கர்ட் ஆன் பேஸில் அடிச்சாவிதான் பேஸ் என்பதால் ஏ7-க்கு ஏ அடியில் இருந்தே ஆக வேண்டும்: ஏ1, சி ஷார்ப் 2, ஈ2, ஜி2. இந்த ஜி2 ஸ்பிளிட்டுக்கு ஒரு சாவி மேலே இருக்கிறது. அது வலது கைக் குரலாக ஒலிக்கும், காதுக்கு ஏ7 போலவே கேட்கும், ஆனால் கீபோர்டு கார்டாக எடுத்துக்கொள்வது மீதி மூன்று சாவியைத்தான். ஜி-யைக் கீழே கொண்டுபோனால் அதுவே அடிச்சாவியாகி ஏ7/ஜி ஆகிவிடும்.

பதியும்போது மட்டும் ஸ்டைல் ஸ்பிளிட்டை பி2-க்கு ஏற்றிவிடுங்கள். சி7 முதல் பி7 வரை எந்த ஏழாம் கார்டும் வேர்ச்சாவி அடியில் இருக்கும்படி அதற்குள் அடங்கும். லூப் ஓட ஆரம்பித்ததும் இடப்பக்கம் கார்டு வாங்குவதை நிறுத்திவிடும், முழுச் சாவிப்பலகையும் வாசிப்புக்குக் கிடைக்கும். அதனால் ஸ்பிளிட்டை ஏற்றியதால் மேடையில் இழப்பு எதுவும் இல்லை. இடது கைப் பகுதியில் ஒலிக்கும் லெஃப்ட் குரலை அணைத்து வையுங்கள். பதியும்போது அது அடித்தொகுதியில் கரகரவென்று ஒலித்துக் காதைக் குழப்பும்.

ஃபிங்கர்ட் ஆன் பேஸின் மறுபக்கம் ஒன்று உண்டு. கை பழகியபடி இன்வெர்ஷனில் (வேர்ச்சாவி அடியில் இல்லாமல்) பிடித்தால் எல்லாமே சி/ஈ மாதிரி ஸ்லாஷ் கார்ட் ஆகிவிடும். பி பிளாட்டை டி-எஃப்-பி பிளாட் என்று பிடித்தால் பேஸ் டி-க்குப் போகும். கை நிறையக் குதிக்க வேண்டியிருந்தாலும் சி/ஈ தவிர மற்ற எல்லாவற்றையும் வேர்ச்சாவி அடியில் வைத்தே பிடியுங்கள். சி/ஈ-க்கு ஈ1, ஜி1, சி2.

ஏஐ ஃபிங்கர்டில் பதிய வேண்டாம். மூன்றுக்குக் குறைவான சாவியிலும் முந்தைய கார்டை வைத்து அது ஊகிக்கும். மூன்று விரலும் ஒரே கணத்தில் விழாவிட்டால் அந்த இடைப்பட்ட ஊகமும் கார்டாகப் பதிந்து, ஒவ்வொரு சுற்றிலும் அதே இடத்தில் திரும்பி வரும். நேரடி வாசிப்பில் யாரும் கவனிக்காத சறுக்கல் லூப்பில் நிரந்தரமாகிவிடும்.

---

எட்டாம்பார்:

இரண்டாவது பிரச்சினைக்கு. லூப்பர் நினைவில் வைப்பது எந்த பாரில் எந்த இடத்தில் எந்தக் கார்டு என்பதை மட்டும். ஆரம்பமும் முடிவும் பார் கோட்டில்தான் விழும். ஆன்/ஆஃப் பொத்தானை எட்டாவது பாருக்குள் அழுத்தினால் ஒன்பதாம் பாரின் தலையில் லூப் முதலிலிருந்து தொடங்கும். ஒரு நொடி தாமதித்துக் கோடு தாண்டிய பிறகு அழுத்தினால் ஒன்பதாம் பாரும் பதிவுக்குள் போய்விடும். பிறகு 9 பார் லூப். உங்களுக்கு நடப்பது இதுதான்.

வரிசை இப்படி இருக்கட்டும்:

ரிதம் ஓடாத நிலையில், ஏசிஎம்பி (தானியங்கிப் பின்னணி) பொத்தான் எரிய, இன்ட்ரோ இல்லாமல் மெயின் ஏ-வை மட்டும் தேர்ந்தெடுங்கள். கார்ட் லூப்பர் திரையில் ரெக்/ஸ்டாப் அழுத்தினால் சிங்க் ஸ்டார்ட் தானாக விழித்துக்கொள்ளும். முதல் டி மைனரைப் பிடித்த கணமே முதல் பாரும் பதிவும் ஒன்றாகத் தொடங்கும். ஓடும் ரிதத்தில் ரெக் அழுத்தினால் பதிவு அடுத்த பாரில்தான் தொடங்கும். அங்கேயும் எண்ணிக்கை தவறும்.

எட்டாம் பாரின் டி மைனரைப் பிடித்ததும் இடது கையை அப்படியே விட்டுவிட்டு, வலது கையால் அதே பாரின் முதல் பாதியில் ஆன்/ஆஃப் அழுத்துங்கள். இங்கே பலர் சறுக்குவது வேறு விதத்தில்: அடுத்த சுற்றின் முதல் கார்டை வழக்கம்போல் சற்று முந்திப் பிடித்துவிடுவார்கள். அது எட்டாம் பாரின் வாலில் ஒட்டிக்கொள்ளும். பல்லவியில் முதலும் கடைசியும் டி மைனர் என்பதால் தெரியாது. சரணத்தில் ஏ7 முடியும் முன்பே எஃப் வந்து விழும்.

மேடையில் திரையைத் தேடாமல் இருக்க, லூப்பரின் ரெக்/ஸ்டாப், ஆன்/ஆஃப் இரண்டையும் அசைனபிள் ஏ, பி பொத்தான்களிலோ பெடலிலோ போட்டுவிடுங்கள். ஆன்/ஆஃப் பெடலில் இருப்பதே நல்லது. பாட்டுக்கு முன்னால் இன்ட்ரோ ஓடவிடுவதானால், லூப்பை இன்ட்ரோவின் கடைசி பாரில் ஆன் செய்யுங்கள். அடுத்த பாரில் மெயினோடு சேர்ந்து தொடங்கும்.

இன்னொன்றையும் பார்த்துக்கொள்ளுங்கள். நாம் 6/8 என்று சொல்லும் ரிதம் எல்லாம் கீபோர்டுக்குள் 6/8 இல்லை. சில ஸ்டைல்கள் மும்மை நடையில் எழுதப்பட்ட 4/4. நீங்கள் இரண்டு பார் என்று எண்ணுவது அங்கே ஒரு பார். அந்த ஸ்டைலில் உங்கள் 8 பார் பல்லவி 4 பார்தான், ஒரு பாருக்குள் இரண்டு கார்டு. பதியும் முன் ஸ்டைலின் தாள அளவையும் ஓடும் பார் எண்ணையும் திரையில் பாருங்கள். ஒரு வகையில் பதிந்த வரிசையை இன்னொரு வகை ரிதத்தில் ஓடவிட்டால் பொருந்தாது.

---

டிமைனர்_டேனி:

ரொம்ப நன்றி. ஸ்பிளிட்டை ஏற்றியதும் ஏ7 வந்துவிட்டது. நான் எடுத்த ஸ்டைல் 6/8 தான். அந்த அரை பார் மட்டும் பாக்கி. பல்லவியிலிருந்து சரணத்துக்குத் தாவுவது எப்படி?

---

ஸ்பிளிட்பாயின்ட்:

லூப்பரின் ஒரு பேங்கில் (பதிவுகளின் தொகுப்பு) 8 இடங்கள் உண்டு. பல்லவியை 1-இல், சரணத்தை 2-இல் மெமரி செய்யுங்கள். பிறகு பேங்கையே கோப்பாகச் சேமியுங்கள், பாட்டின் பெயரிலேயே. தாவும்போது பல்லவியின் கடைசி பாரில் 2-ஐத் தொடுங்கள்.

ஒரே நீள வரிசையாகப் பல்லவி, பல்லவி, சரணம், பல்லவி என்று மொத்தப் பாட்டையும் பதிய ஆசை வரும். பாடகர் பல்லவியை ஒரு தரம் கூடுதலாக எடுத்தால் அங்கேயே கதை முடிந்தது. துண்டு துண்டாக வைப்பதே மேடைக்கு உகந்தது.

---

கோடுதாண்டி:

அரை பாரை லூப்பரில் பதிய முடியாது. முழு பாராகத்தான் சுற்றும், ரிதத்தின் தாள அளவும் நடுவில் மாறாது. வழி இரண்டு.

ஒன்று, சரணத்தின் கடைசி வரி வரும்போது லூப்பை ஆஃப் செய்து அந்த இரண்டு பாரைக் கையால் பிடிப்பது. கூடுதல் அரை பார் முடிந்ததும் ரீசெட்/டேப் டெம்போ பொத்தானை ஒரு தட்டு. ரிதம் ஓடிக்கொண்டே அந்த செக்‌ஷனின் தலைக்கு வந்துவிடும். பிறகு பல்லவி லூப்பை ஆன் செய்யுங்கள். அது அடுத்த பார் கோட்டில் சேர்ந்துகொள்ளும் என்பதால் பல்லவியின் முதல் பாரையும் கையாலேயே வாசிக்க வேண்டும். பல்லவியின் முதல் இரண்டு பாரும் டி மைனர் ஆக, லூப் இரண்டாம் பாரில் தலையிலிருந்து தொடங்கினால் ஒரு பார் விலகும். ஆகவே 3-ஆவது இடத்தில் டி மைனர் ஒரு பார் குறைத்து 7 பாராக, திரும்பி வருவதற்கென்றே ஒரு பல்லவி வைத்துக்கொள்ளுங்கள். அந்தச் சுற்று முடியும் பாரில் 1-க்கு மாறிவிடலாம்.

ரீசெட்டைத் தட்டுவது சரியாகத் தாளத்தில் விழ வேண்டும். லூப் ஓடும்போது அதைத் தட்டாதீர்கள். முதலில் ஆஃப், பிறகு தட்டு.

இரண்டாவது வழி, நீங்கள் கேட்ட ஸ்டெப் ரெக்கார்டிங். எஸ்770, எஸ்970 வைத்திருப்பவர்களுக்கு லூப்பர் கிடையாது, அவர்களுக்கு இதுதான் வழி. பாடல் உருவாக்கும் பகுதியில் கார்ட் பக்கத்தில் ஒவ்வொரு நிகழ்வையும் பார்:பீட்:கிளாக் என்று வைக்கலாம். ஒரு கால் நோட்டுக்கு 1920 கிளாக். 4/4 ரிதத்தில் இரண்டாம் பாரின் மூன்றாம் பீட்டில் கார்டு மாற வேண்டுமானால் 002:3:0000. அதையே அரை பீட் முந்திக் கொடுக்க 002:2:0960. கார்டு மட்டுமில்லை, மெயின் ஏ-இலிருந்து பி-க்குத் தாவுவது, ஃபில், ஒலியளவு, டெம்போ எல்லாம் அதே பட்டியலில் வரும். முடித்ததும் எக்ஸ்பாண்ட் கொடுத்தால்தான் அது ஒலிக்கும் பாடலாக மாறும்.

ஆனால் எக்ஸ்பாண்ட் ஆன பிறகு அது ரிதம் அல்ல, பாட்டு. ஸ்டைல் பகுதிகள் சேனல் 9 முதல் 16 வரை நோட்டுகளாகக் கொட்டப்பட்டிருக்கும். நினைத்த இடத்தில் ஃபில் போட முடியாது, பல்லவியை நீட்ட முடியாது. பாடகர் கூட இருக்கிற மேடைக்கு லூப்பர். தனியாகக் கருவியிசை வாசிப்பதற்கும் வீட்டில் டிராக் போடுவதற்கும் ஸ்டெப். சுருதி மாற்ற இரண்டிலுமே திரும்பப் பதிய வேண்டாம், மாஸ்டர் ட்ரான்ஸ்போஸ் எல்லாவற்றையும் சேர்த்தே நகர்த்தும்.

---

பிஏ_பக்கம்:

கோர்க் பிஏ700, பிஏ1000 வைத்திருப்பவர்களுக்கு: அங்கே இதன் பெயர் கார்ட் சீக்வென்சர். ரெக், பிளே என இரண்டு பொத்தான். மேலே எட்டாம்பார் சொன்ன பார் கோட்டுக் கணக்கு அப்படியே பொருந்தும்.

---

டிமைனர்_டேனி:

கடைசியாக ஒன்று. இன்ட்ரோவுக்கு டி மைனர், ஜி மைனர், ஏ7, டி மைனர் என்று 4 பார் ஓட வேண்டும். ஒரே கார்டைப் பிடித்தால் இந்த நான்கும் தானாக வருகிற மாதிரி ஸ்டைலுக்குள்ளேயே வைக்க முடியுமா?

---

எட்டாம்பார்:

முடியும், ஸ்டைல் கிரியேட்டரில். ஒரு செக்‌ஷன் 32 பார் வரை போகும், 4 பார் ஒன்றுமே இல்லை.

இன்ட்ரோ 1-ஐத் தேர்ந்தெடுத்து நீளம் 4 வையுங்கள். ரிதம் சேனல்கள் அப்படியே இருக்கட்டும். பேஸ், கார்ட், பேட், ஃப்ரேஸ் சேனல்களில் ஏற்கனவே இருக்கும் தரவை அழித்தாக வேண்டும். ஆலைத் தரவின் மேல் அந்தச் சேனல்களில் சேர்த்துப் பதிய விடாது.

அடுத்ததுதான் முக்கியம். மூலக் கார்டு வழக்கமாக சி மேஜர் 7 என்று இருக்கும். அதாவது நீங்கள் வாசிப்பது சி மேஜரில் என்று கீபோர்டு எடுத்துக்கொள்ளும். அதை மாற்றாமல் டி மைனரிலேயே வாசித்துவிட்டு, பிறகு மேடையில் டி மைனரைப் பிடித்தால் எல்லாம் ஒரு முழுப்படி மேலேறி ஈ-யில் ஒலிக்கும். இரண்டு வழி:

மைனர் பாட்டுக்கு மட்டும் போதும் என்றால், பதியும் முன்பே மூலக் கார்டை டி மைனர் ஆக்கிவிட்டு, உள்ளபடி வாசியுங்கள்.

மேஜர் பாட்டுக்கும் அதே இன்ட்ரோ வேண்டுமென்றால் மூலக் கார்டை விட்டுவிட்டு சி | எஃப் | ஜி7 | சி என்று வாசியுங்கள். அந்தச் சேனல்களுக்கு என்டிஆர் (வேர்ச்சுரம் நகரும் விதி) ரூட் ட்ரான்ஸ், என்டிடி (சுரங்களை மாற்றும் அட்டவணை) ஹார்மோனிக் மைனர். இந்த விதி மேஜரிலிருந்து மைனருக்குப் போகும்போது மூன்றாம், ஆறாம் சுரங்களை மட்டும் அரைப்படி இறக்கும். ஆகவே டி மைனரைப் பிடித்தால் டி மைனர் | ஜி மைனர் | ஏ7 | டி மைனர். ஏழாம் சுரம் இறங்காததால் ஏ7-இன் சி ஷார்ப் தப்பிக்கும். தவறுதலாக நேச்சுரல் மைனர் வைத்தால் ஏழாம் சுரமும் இறங்கி ஏ மைனர் 7 ஆகிவிடும், திரும்பி வரும் இழுப்பே போய்விடும். மெலோடிக் மைனரில் மூன்றாம் சுரம் மட்டும் இறங்கும் என்பதால் இரண்டாவது பார் ஜி மேஜராகவே நிற்கும்.

சி மேஜரில் வாசிக்கும்போது ஈ மைனரைத் தவிருங்கள். ஹார்மோனிக் மைனர் விதியில் அதன் ஈ மட்டும் இறங்கும், பி இறங்காது. ஆக்மென்டட் கார்டாகி முகம் சுளிக்க வைக்கும். டி மைனரும் டிமினிஷ்ட் ஆகும், அது சில இடங்களில் அழகாகவே இருக்கும். ஏ மைனர் பிரச்சினையில்லை, மைனரில் ஆறாம் படி மேஜராக மாறும். உங்கள் சுருதியில் அதுதான் பி பிளாட்.

டிரம் சேனல்களுக்கு ரூட் ஃபிக்ஸ்ட், பைபாஸ். இதை மாற்றினால் சுருதிக்கு ஏற்ப டிரம் ஒலிகளே மாறி, கிக் இருந்த இடத்தில் வேறு ஏதோ தட்டும். பேஸுக்கு ஹை கீ எஃப் வையுங்கள். எஃப் ஷார்ப்பிலிருந்து மேலே உள்ள சுருதிகளில் பேஸ் ஒரு ஸ்தாயி கீழே இறங்கிக்கொள்ளும், இல்லையென்றால் பி சுருதியில் பேஸ் கிதார் மாதிரி இராது.

இன்ட்ரோ ஓடி முடியும்வரை கார்டு மாற்றாதீர்கள். நடுவில் வேறு கார்டு பிடித்தால் மீதி வரிசை முழுவதும் அந்தச் சுருதிக்குத் தாவிவிடும். அதனால்தான் லூப்பை இன்ட்ரோவின் கடைசி பாரில் ஆன் செய்யச் சொன்னேன், முதலிலேயே அல்ல.