குற்றம் செய்தவர் தன் கதையைப் படமாக்குவது யாருக்குப் பயன்?

வெண்மணல்:
சிறையில் இருப்பவர்களுக்கு டிஜிட்டல் கதைசொல்லல் பட்டறை நடத்துவது வீண் செலவு என்று இங்கே ஒருவர் எழுதியிருந்தார். ஐந்து ஆண்டுகளாக நான் செய்துவரும் வேலை அது. 1990களில் கலிபோர்னியாவில் உருவான முறை. வட்டமாக உட்கார்ந்து கதையை வாய்விட்டுச் சொல்ல வேண்டும். பிறகு 300 சொற்கள் அளவில் எழுதி, சொந்தக் குரலில் பதிவுசெய்து, புகைப்படங்களோடு இரண்டு மூன்று நிமிடப் படமாக்க வேண்டும். அவ்வளவு சிறிய இடத்தில் எதை வைப்பது, எதை நீக்குவது? இந்தக் கேள்வியில்தான் ஒருவர் தன்னைத் திரும்பிப் பார்க்கிறார்.

தராசு:
உங்கள் உழைப்பை மதிக்கிறேன், வெண்மணல். ஆனால் என் தம்பியைக் கொன்றவர் இப்படி ஒரு படம் எடுத்தால் அதில் என்ன இருக்கும்? அவருடைய குழந்தைப் பருவம், குடிகாரத் தந்தை, உருக்கமான இசை. என் தம்பி ஒரே வரியில் வந்து போய்விடுவான். குற்றம் செய்தவர்கள் தங்களுக்குத் தாங்களே சொல்லிக்கொள்ளும் சமாதானங்களை 1957இலேயே சைக்ஸ், மாட்சா என்ற சமூகவியலாளர்கள் ஐந்தாக வகுத்தார்கள். 'என் பொறுப்பு இல்லை' என்பது அதில் முதலாவது. அந்தச் சமாதானத்துக்குக் குரலும் படமும் சேர்த்து, பரோல் குழுவின் முன் வைக்கப்போகிறோமா?

மறுகரை:
தராசு, உங்களிடம் பேசும் தகுதி எனக்கு உண்டா என்று தெரியவில்லை. நான் தண்டனை அனுபவித்து வெளியே வந்தவன். என் கத்தியால் காயப்பட்டவர் பிழைத்துவிட்டார். ஆனால் அவருடைய வலது கை முன்புபோல் இயங்கவில்லை.

பட்டறையில் என் முதல் வரைவில் 'சண்டையில் கத்தி பட்டுவிட்டது' என்று எழுதியிருந்தேன். வட்டத்தில் இருந்த இன்னொரு கைதி, 'தானாகவா போய்ப் பட்டது?' என்று கேட்டார். எழுந்து போய்விட்டேன். மூன்று நாள் அந்த வரியை விட்டு நகர முடியவில்லை. கடைசியில் 'குத்தினேன்' என்று மாற்றினேன். எழுதுவதாவது முடிந்தது. ஒலிவாங்கி முன்னால் நான்கு முறை அந்த இடத்தில் குரல் நின்றுபோனது. பிறகு ஹெட்போனில் கேட்டபோது, அது என் குரல்தான். நீதிமன்றத்தில்கூட அந்தச் சொல்லை நான் சொன்னதில்லை. எனக்காக வழக்கறிஞர்தான் பேசினார்.

ஏட்டுச்சுவடி:
ஒரு குறுக்கீடு. இங்கிலாந்தின் லிவர்பூலில் குற்றவியல் ஆய்வாளர் ஷாட் மரூனா நடத்திய ஆய்வு 2001இல் வெளிவந்தது. குற்ற வாழ்க்கையை விட்டவர்களும் தொடர்ந்தவர்களும் தங்கள் கதையை எப்படிச் சொல்கிறார்கள் என்று பார்த்தார். தொடர்ந்தவர்கள், 'என் விதி எழுதப்பட்டுவிட்டது' என்கிற தொனியில் பேசினார்கள். விட்டவர்களோ, 'உள்ளுக்குள் நான் நல்லவன்தான், சூழல் என்னை அப்படித் தள்ளியது, இனி பிறருக்குப் பயன்படுவேன்' என்று சொன்னார்கள். தராசு வெறுக்கும் அந்தக் குழந்தைப் பருவக் கதை, திருந்தியவர்களிடமும் இருந்திருக்கிறது! ஆனால் கதை மாறியதால் மனிதர் மாறினாரா, மனிதர் மாறியதால் கதை மாறியதா என்பதை இதிலிருந்து சொல்லிவிட முடியாது. எனவே பட்டறை திருத்திவிடும் என்று வெண்மணலும் உறுதி கூற வேண்டாம்.

வெண்மணல்:
ஏற்கிறேன். பரோல் பற்றித் தராசு சொன்னதையும் ஏற்கிறேன். படம் பரோல் குழுவுக்குப் போகும் என்று தெரிந்த நொடியிலேயே அங்கே உண்மை பேசுவது நின்றுவிடும். கோப்பு சொன்னவரிடமே இருக்க வேண்டும். அதிகாரி அதைக் கேட்டு வாங்கக் கூடாது. இணையத்தில் ஏற்றுவதற்கு விடுதலைக்குப் பிறகு இன்னொரு முறை அவருடைய ஒப்புதல் கேட்கிறோம், ஏனென்றால் உள்ளே இருப்பவர் கொடுக்கும் சம்மதம் முழுச் சம்மதம் ஆகாது.

தராசு:
அவருடைய ஒப்புதல் சரி, எங்களுடையது? பாதிக்கப்பட்ட குடும்பத்தைக் கேட்காமல் இணையத்தில் ஏற்றக் கூடாது. என் அம்மா கைபேசியைத் திறந்ததும் அந்த முகம் பேசக் கூடாது. இதில் நான் இறங்கிவர மாட்டேன்.

மறுகரை, அந்தப் படத்தைக் காயப்பட்டவர் பார்த்தாரா?

மறுகரை:
இல்லை. பார்க்க விருப்பமா என்று இடையில் ஒருவர் மூலம் கேட்டோம். வேண்டாம் என்றார். அதற்குமேல் கேட்கவில்லை. என் மகளுக்கு மட்டும் காட்டினேன்.

தராசு:
அவர் இடத்தில் நானும் அப்படித்தான் சொல்லியிருப்பேன். பட்டறையை நிறுத்தச் சொல்லி நான் எழுதவில்லை, பதிவேற்றாதீர்கள் என்கிறேன்.

எங்கள் வழக்கில் தீர்ப்பு வந்து பதினொரு ஆண்டுகள் ஆகின்றன. அந்தத் தரப்பிலிருந்து ஒரே ஒரு கடிதம் வந்தது. 'நடந்தது நடந்துவிட்டது' என்று எழுதியிருந்தார்கள்.